மரத்தூளுக்கு லேபிள் இல்லை



ஏப்ரல் 28 வருகிறது. வேலைத்தலத்தில் இறந்தவர்களையும் காயப்பட்டவர்களையும் நினைவுகூரும் நாள். கனடாத் தொழிலாளர் காங்கிரஸ் 1984ல் இதை அறிவித்தது. 1991ல் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. அந்தத் தேதியைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் எங்கட மாகாணம்தான். ஒன்ராறியோவின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1914 ஏப்ரல் 28 அன்றுதான் சட்டமன்றத்தில் மூன்றாவது வாசிப்பைத் தாண்டியது. ரொறன்ரோவில் ஒவ்வொரு வருடமும் யூனியன்கள் கூடும், கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். சாரத்தில் இருந்து விழுந்தவர்களைப் பற்றி, மெஷினுக்குள் அகப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவார்கள். பேசத்தான் வேணும். ஆனால் இந்த நாட்டின் நட்டஈட்டுச் சபைகள் ஏற்றுக்கொள்ளும் வேலைத்தல மரணங்களில் பெரும்பகுதி விபத்து இல்லை, நோய். மூச்சுக்குள்ளால் போய், இருபது முப்பது நாற்பது வருடம் கழித்துக் கணக்குக் கேட்கிற நோய். அதுக்கு அம்புலன்ஸ் வராது, ரிவிக்காரர் வரமாட்டினம்.

இந்த மாதம் மரத்தைப் பற்றி எழுதுகிறோம். ரொறன்ரோவில் என்ன மரம், மரக்காலை எல்லாம் வடக்கிலயும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலயும்தானே என்று கேட்கலாம். உண்மைதான், மரம் அரிகிற பெரிய ஆலைகள் அங்கேதான். ஆனால் அரிந்த மரம் பலகையாகவும் எம்டிஎஃப் ஆகவும் பார்ட்டிக்கிள் போர்டாகவும் இங்கே வந்துதான் திரும்ப வெட்டப்படுகிறது. ஸ்காபரோ, நோர்த் யோர்க், வான், மிசிசாகா என்று இந்த நகரத்தைச் சுற்றி எத்தனை கிச்சின் கபினெற் பக்டறிகள், கதவு செய்கிற இடங்கள், மாடிப்படி செய்கிற இடங்கள், சோபாச் சட்டம் அடிக்கிற இடங்கள், பலெற் திருத்துகிற இடங்கள். கொண்டோ ஒன்று எழும்பினால் அதற்குள் நூற்றுக்கணக்கான கிச்சின்கள். அந்தக் கிச்சினை வெட்டி, துளைத்து, உரஞ்சினது ஒருவருடைய கை. அந்தக் கைக்கு மேலே ஒரு மூக்கு இருக்கு. இந்த மடலை வாசிக்கிறவர்களில் பலரது வீட்டில், அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ, யாரோ ஒருவர் அப்படி ஒரு இடத்தில் வேலை செய்திருப்பார்.

முதலில் வாசனையைப் பற்றி. புதிதாக அரிந்த பைன் மரத்தின் வாசம் எல்லாருக்கும் பிடிக்கும். அந்த வாசத்தைப் போத்தலில் அடைத்து, காருக்குள் தொங்கவிடுகிற அட்டையில் தடவி விற்கிறார்கள். வாசம் என்று நாங்கள் சொல்லுகிறது உண்மையில் ஆவியாகிற இரசாயனங்கள்: அல்ஃபா-பினீன், பீற்றா-பினீன், டெல்ற்றா-3-கரீன். மரத்தின் பிசினில் இருக்கிற இவற்றை மொத்தமாக டெர்ப்பீன்கள் என்பார்கள். ஊரில் பெயின்ற்றுக்குக் கலக்கிற டேர்ப்பன்டைன் இருக்கே, அதுவும் இதே குடும்பம்தான். வாள் மரத்துக்குள் இறங்கும்போது சூடாகும், சூட்டில் பிசின் ஆவியாகும். பலகையைக் காயவைக்கிற சூளையைத் திறக்கும்போது இன்னும் கூட வரும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், மூச்சுக்குழாய் இறுகும். சிலருக்குக் கையில் சொறி வரும், பிறகு போகாது.

சுவீடனில் 1990களில் மரக்காலைத் தொழிலாளர்களை வைத்தும், ஒரு அறைக்குள் இருத்தி டெர்ப்பீன் காற்றைச் சுவாசிக்க விட்ட தன்னார்வலர்களை வைத்தும் ஆராய்ச்சிகள் நடந்தன. உள்ளே இழுத்த அல்ஃபா-பினீனில் ஏறத்தாழ 60 வீதம் உடம்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது என்று கண்டார்கள். அது கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆறுதலாகத்தான் வெளியேறும். கடைசிப் பங்கு பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். வெள்ளிக்கிழமை ஷிப்ற் முடிந்து பஸ் ஏறுகிறவருடைய உடம்பில் மரக்காலை சனிக்கிழமையும் இருக்கு. அமெரிக்க அரசுசார் தொழில்சுகாதார நிபுணர் மாநாடு என்ற அமைப்பு டேர்ப்பன்டைனுக்கும் இந்த டெர்ப்பீன்களுக்கும் எட்டு மணித்தியால எல்லையாகப் பரிந்துரைப்பது பத்து லட்சத்தில் 20 பங்கு. வாசம் மூக்குக்குத் தெரியும். எத்தனை பங்கு என்று மூக்குக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் வாசமே தெரியாமலும் போய்விடும். மூக்குப் பழகிவிட்டது என்பதைக் காற்றுச் சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுகிற பழக்கம் எங்களிடம் இருக்கு.

ஆவியைவிட மோசமானது தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995ல் மரத்தூளை முதலாம் தொகுதியில் போட்டது. அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று நிறுவப்பட்டவற்றின் பட்டியலில், அஸ்பெஸ்டோசுக்கும் சிகரெற் புகைக்கும் பக்கத்தில். இந்த முடிவு எங்கிருந்து தொடங்கினது என்று தேடிப் போனால் இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற கதிரை செய்கிற ஊரில் போய் நிற்கும். 1960களில் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்குத் தொண்டை வைத்தியர், மிக அரிதாக வரவேண்டிய ஒரு வகை மூக்குப் புற்றுநோய் அந்த ஊர்த் தச்சுத் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். வேறு வைத்தியர்களோடு சேர்ந்து 1968ல் அதை வெளியிட்டார். அடுத்த வருடமே பிரித்தானியா அதைத் தொழில் நோயாக ஏற்றுக்கொண்டது. இதில் எனக்குப் பிடித்தது, கண்டுபிடித்த முறை. பெரிய கருவி ஒன்றும் இல்லை. வந்த நோயாளியிடம் "என்ன வேலை செய்தனீங்கள்?" என்று ஒரு டொக்டர் கேட்டார், பதிலை எழுதி வைத்தார்.

முதல் தூளைச் சுவாசித்ததற்கும் நோய் வந்ததற்கும் இடையில் அந்தத் தொழிலாளர்களில் சராசரியாக ஏறத்தாழ 40 வருடங்கள் இருந்தன. இப்போது எங்கட கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1983 ஜூலைக்குப் பிறகுதான் பெருந்தொகையாக எங்கட ஆக்கள் கனடாவுக்கு வரத் தொடங்கினார்கள். நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் இருந்து 155 தமிழர்களை மீனவர்கள் தூக்கி எடுத்தது 1986 ஓகஸ்டில். வந்தவர்கள் ஆங்கிலம் அதிகம் கேட்காத வேலைகளுக்குப் போனார்கள்: றெஸ்ரோறன்ற், பேக்கறி, பிளாஸ்ரிக், மரம். அது ஓக் மரத்தில் கிச்சின் செய்கிற காலம். ஹை விக்கம் காரர் சுவாசித்ததும் ஓக், பீச் போன்ற வன்மரங்களின் தூள்தான். 1986ஓடு நாற்பதைக் கூட்டினால் என்ன வருடம் வருகிறது?

பயம் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. மூக்குக் குழிப் புற்றுநோய் இன்றைக்கும் மிக அரிதானது; மரவேலை செய்த பெரும்பாலானவர்களுக்கு அது வராது. ஆனால் வந்தால், வேலையோடு முடிச்சுப் போடத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் எங்கட கவலை. ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்து, இரத்தமும் வந்தால், அதைச் சளி என்று விடக்கூடாது.

புற்றுநோயைவிட அடிக்கடி வருவது தொய்வு. இந்த விசயத்தில் கனடாவுக்குச் சொந்தமான ஒரு கதை இருக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மேற்குச் செஞ்சீடர் மரத்தில் பிளிக்காற்றிக் அமிலம் என்ற ஒரு பொருள் உள்ளது. வன்கூவர் பல்கலைக்கழக வைத்தியர் மொய்ரா சான்-யங்கும் கூட வேலை செய்தவர்களும் 1970களில் இருந்து அதைப் பின்தொடர்ந்தார்கள். செஞ்சீடர்த் தூளில் வேலை செய்கிறவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத் தொய்வு வருகிறது. அதைவிட முக்கியமான இரண்டு விசயம். ஒன்று, பலருக்கு இருமல் வேலையில் வராது. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு இரவில் வரும். அதனால் வீட்டுக் கார்ப்பெற்றைச் சந்தேகிப்பார்கள், பூனையைச் சந்தேகிப்பார்கள், குளிரைச் சந்தேகிப்பார்கள், வேலையைச் சந்தேகிக்க மாட்டார்கள். இரண்டாவது, வேலையை விட்ட பிறகும் அரைவாசிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தத் தொய்வு போகவில்லை. அந்த மாகாணத்தின் நட்டஈட்டுச் சட்ட அட்டவணையில் செஞ்சீடர்த் தூளுக்கும் தொய்வுக்கும் உள்ள தொடர்பு எழுதப்பட்டிருக்கு. தொழிலாளி ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து நிரூபிக்கத் தேவையில்லை. கோடை வந்தால் ரொறன்ரோ வீடுகளின் பின்வளவில் டெக் அடிக்கிறதும் வேலி அடிக்கிறதும் நடக்கும். அந்தச் சிவப்பு மரம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

எவ்வளவு தூள் என்றால் கூட? மேலே சொன்ன அதே நிபுணர் மாநாடு, ஒரு கன மீற்றர் காற்றில் 1 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது, செஞ்சீடருக்கு 0.5. எட்டு மணித்தியாலத்தில் ஒரு தொழிலாளி சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ 10 கன மீற்றர். அப்படியென்றால் எல்லைக்கு உட்பட்டு ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பில் மிகச் சிறிய பங்கு. எம்டிஎஃப்பை மெஷினில் உரஞ்சுகிற ஒரு இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். அமெரிக்காவின் கதை இன்னும் சிரிப்பு. அங்கே 1989ல் மரத்தூளுக்கென்று தனியாக ஒரு எல்லை வைத்தார்கள், 1992ல் ஒரு நீதிமன்றம் மற்ற நூற்றுக்கணக்கான எல்லைகளோடு சேர்த்து அதையும் தூக்கிக் கடாசியது. இன்றுவரை சாதாரணத் தூசுக்குரிய எல்லைதான் அங்கே, மொத்தத் தூசாக 15 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வன்மரத்துக்கு 2. ஒரே நுரையீரல், கடவுச்சீட்டைப் பொறுத்து ஏழு மடங்கு கூடத் தாங்கும் போல.

அப்பா தொண்ணூறுகளில் ஒரு கபினெற் பக்டறியில் வேலை செய்தவர். (பெயர் தேவையில்லை, அந்தக் கட்டடம் இப்ப ஒரு ஜிம்.) தூள் உறிஞ்சுகிற குழாய் இருந்ததாம், ஆனால் பை நிறைந்தால் மாற்ற மெஷினை நிற்பாட்டவேணும், அதால் ஆரும் மாற்றுவதில்லை. ஷிப்ற் முடிய கொம்ப்ரெசர் காற்றால் உடுப்பை ஊதுவார்களாம், நிலத்தைத் தும்புத்தடியால் கூட்டுவார்களாம். இரண்டுமே செய்யக்கூடாத வேலை: கீழே படிந்த நுண்தூளைத் திரும்பவும் மூக்கு உயரத்துக்கு எழுப்புகிறது மட்டும்தான் நடக்கிறது. அம்மா அந்த உடுப்பைப் பல்கனியில் உதறித்தான் தோய்ப்பா. இப்ப அப்பாவுக்கு இருமல் இருக்கு. காரணம் தூள்தான் என்று நான் சொல்லவரவில்லை, அவர் சிகரெற்றும் பத்தினவர். முப்பது வருடத்தில் எந்த டொக்டரும் அவரிட்ட என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேட்கவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். அவர்களில் தமிழ் டொக்டர்களும் அடக்கம்.

இப்ப தலைப்புக்கு வருகிறேன். கனடாவில் எந்தப் பக்டறிக்குப் போனாலும் முதல் நாள் விமிஸ் பயிற்சி என்று ஒன்று தருவார்கள். ஒரு வீடியோ, பத்துக் கேள்வி, ஒரு கையெழுத்து. 1988ல் யூனியன்கள் போராடி வந்த ஏற்பாடு அது: அபாயமான பொருளுக்கு லேபிள் ஒட்டவேணும், அதற்குள் என்ன இருக்கு, என்ன செய்யும் என்று சொல்லும் பாதுகாப்புத் தாள் வேலைத்தலத்தில் இருக்கவேணும். நல்ல சட்டம். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் அபாயப் பொருட்கள் சட்டத்தில் விதிவிலக்குகளுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. புகையிலை அதில் இருக்கு. மரமும் மரத்தால் செய்த பொருட்களும் இருக்கு. ஆக, பக்டறியில் பசை வாளிக்கு லேபிள் இருக்கும், லக்கருக்கு லேபிள் இருக்கும், கை கழுவுகிற இரசாயனத்துக்கும் இருக்கும். எல்லாவற்றையும்விட அதிகமாகக் காற்றில் பறக்கிற சாமானுக்கு, முதலாம் தொகுதிப் புற்றுநோய்க் காரணிக்கு, லேபிள் இல்லை. முதலாளிக்கு அதனால் கடமையே இல்லை என்று அர்த்தமில்லை. ஒன்ராறியோவின் தொழில்சுகாதார பாதுகாப்புச் சட்டமும் 833ஆம் ஒழுங்குவிதியும் அவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் ஆங்கிலம் அரைகுறையாக வாசிக்கிற ஒரு தொழிலாளிக்கு லேபிள் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்றுதான் விளங்கும். அவரில் பிழை சொல்ல ஏலாது.

எம்டிஎஃப்பில் இன்னொரு விசயம். மரநாரை ஒட்டவைக்கிற பசையில் ஃபோர்மல்டிஹைட் இருக்கு, அதுவும் 2004இல் இருந்து முதலாம் தொகுதி. 2023 ஜனவரியில் இருந்து கனடாவில் கூட்டு மரப்பலகைகள் எவ்வளவு ஃபோர்மல்டிஹைட்டை வெளிவிடலாம் என்பதற்குச் சட்ட எல்லை வந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் அந்த எல்லை, பலகை சும்மா இருக்கும்போது என்ன விடுகிறது என்று அளப்பது. கிச்சின் வாங்கி அதோடு வாழப்போகிறவரை மனதில் வைத்து எழுதினது. அதே பலகையை ஒரு நாளில் நூறு தரம் வாளால் அறுத்து அதன் உட்புறத்தைக் காற்றில் பறக்கவிடுகிறவரை மனதில் வைத்து எழுதினது இல்லை. வாங்கிறவருக்கு ஒரு காற்று, செய்யிறவருக்கு வேற காற்று.

தூள் நாற்பது வருடம் காத்திராமல் கொன்ற சந்தர்ப்பமும் உண்டு. 2012 ஜனவரி 20, பிரிட்டிஷ் கொலம்பியாவின் பேர்ன்ஸ் லேக்கில் பபீன் மர ஆலை வெடித்தது: இரண்டு பேர் இறந்தார்கள், 20 பேர் காயம். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 23, பிரின்ஸ் ஜோர்ஜில் லேக்லாண்ட் ஆலை: இன்னும் இரண்டு பேர், 22 காயம். பைன் வண்டு தின்று செத்துக் காய்ந்த மரத்தை அரிந்துகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மரத்தின் தூள் நுண்ணியது, ஈரமில்லாதது. உத்தரத்தில், குழாயில், மெஷினுக்கு அடியில் படிந்திருக்கும். மூடின இடம், காற்றில் எழும்பின தூள், ஒரு பொறி, அவ்வளவுதான். முதல் வெடிப்புக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருந்த மூன்று மாதத்தை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிறகு நடந்தது இன்னும் கசப்பு. மாகாணத்தின் வேலைத்தலப் பாதுகாப்பு அமைப்பான வேர்க்சேஃப் பிசி விசாரித்த முறை சரியில்லை, சேகரித்த சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்காது என்று சொல்லி, 2014ல் இரண்டு வெடிப்பிலும் குற்றச்சாட்டுப் பதிவதில்லை என்று அரச வழக்குத் தொடுநர் முடிவெடுத்தார். நிர்வாக அபராதம் போடப்பட்டது. யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. இத்தனைக்கும், 26 சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்ற 1992 வெஸ்ற்றே வெடிப்புக்குப் பிறகு, வேலைத்தல மரணத்துக்கு நிறுவனங்களைக் குற்றவியல் சட்டத்தின் கீழ் கொண்டுவரலாம் என்று 2004இல் இருந்து இந்த நாட்டில் சட்டம் இருக்கு.

அந்த மாகாணத்து மர ஆலைகளைப் பற்றிப் பேசினால் தென்னாசியர்களைப் பற்றிப் பேசாமல் விட ஏலாது. நூறு வருடத்துக்கு மேலாகப் பஞ்சாபிகள் அங்கே மரம் அரிந்திருக்கிறார்கள். வன்கூவர் தீவில் பால்டி என்று ஒரு ஊரே இருந்தது, பஞ்சாபிலுள்ள கிராமத்தின் பெயரில். 1940களில் தர்ஷன் சிங் சங்கா என்ற இளம் கம்யூனிஸ்ற் அந்தத் தொழிலாளர்களைச் சர்வதேச மரத் தொழிலாளர் சங்கத்துக்குள் கொண்டுவந்தார். சங்கம் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று நின்றிருந்தால், கம்பனி ஒருவரை வைத்து மற்றவரை அடித்திருக்கும். சுதந்திரத்தோடு அவர் இந்தியா திரும்பி, பஞ்சாப் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1986ல் காலிஸ்தான் ஆயுததாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ரொறன்ரோவில் தமிழ்த் தொழிலாளர் வரலாறு என்று எழுதப்பட்டது மிகக் குறைவு. கோயில் வரலாறு இருக்கு, ஊர்ச்சங்க வரலாறு இருக்கு, கடை திறந்த வரலாறு இருக்கு. அந்தக் கடைக்கு முதல் போட்ட காசு எந்தப் பக்டறியில், எத்தனை மணித்தியால ஓவர்ரைமில் வந்தது என்று எங்கட நூற்றாண்டு மலர்களில் இல்லை.

இனி, சட்டம் தருகிற உரிமை என்ன? எலியட் லேக்கில் யுரேனியம் சுரங்கத் தொழிலாளர்கள் 1974ல் யூனியன் தலைமையையும் கேளாமல் வேலையை விட்டு இறங்கினார்கள், நுரையீரல் நோய் காரணமாக. அதிலிருந்து ஹாம் ஆணைக்குழு வந்தது, அதிலிருந்து இன்றைய சட்டம். அறிந்துகொள்ளும் உரிமை, பங்கெடுக்கும் உரிமை, மறுக்கும் உரிமை என்று மூன்று. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் தொழிலாளரும் இருக்கிற பாதுகாப்புக் குழு கட்டாயம். 6 பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு பிரதிநிதியாவது இருக்கவேணும். 43ஆம் பிரிவின்படி, ஆபத்தென்று நம்பக் காரணம் இருந்தால் வேலையை மறுக்கலாம். சுப்பவைசர் பிரதிநிதியோடு வந்து பார்க்கவேணும். அப்பவும் தீரவில்லை என்றால் அமைச்சின் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடவேணும். மறுத்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்கிறது 50ஆம் பிரிவு.

காகிதத்தில் அழகாக இருக்கு. ஏஜென்சியால் போகிற ஒருவருக்கு இது எப்படி வேலை செய்யும்? ஏஜென்சி உங்களைத் தண்டிக்காது, வேலையை விட்டு நிற்பாட்டவும் மாட்டாது. நாளைக்குக் கோல் வராது, அவ்வளவுதான். கோல் வராததற்குக் காரணம் எழுதத் தேவையில்லை. 2016ல் நோர்த் யோர்க்கில் ஒரு பேக்கறிப் பக்டறியில் 23 வயது அகதிப் பெண் ஒருவர், ஏஜென்சியால் அனுப்பப்பட்டவர், மெஷினில் தலைத்துணி சிக்கி இறந்தார். அதற்குப் பிறகு ரொறன்ரோ ஸ்ரார் நிருபர் ஒருவர் அதே இடத்தில் மறைமுகமாக வேலைக்குச் சேர்ந்து எழுதினார். பல வருடம் தொழிலாளர் அமைப்புகள் சத்தம் போட்ட பிறகு, 2024 ஜூலை 1 முதல் ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம். ஆனால் லைசென்ஸ் எடுத்த ஏஜென்சியும் இரண்டாம் நாள் மாஸ்க் கேட்கிறவரை மூன்றாம் நாள் கூப்பிடாமல் விடலாம். மறுக்கும் உரிமை நிரந்தர வேலை உள்ளவருக்கும் யூனியன் உள்ளவருக்கும்தான் உண்மையான உரிமை. மற்றவருக்கு அது சுவரில் ஒட்டின போஸ்ரர். அதனால் தனி ஆளாக மறுக்கச் சொல்லி நாங்கள் அறிவுரை சொல்லப்போவதில்லை. இரண்டு பேர் மூன்று பேராகப் போய்க் கேளுங்கள். பெயர் சொல்லாமலும் அமைச்சுக்கு முறையிடலாம்: 1-877-202-0008.

மாஸ்க்கைப் பற்றி ஒரு வரி. மாஸ்க் நல்லது, ஆனால் அது கடைசி வேலி. மெஷினில் தூள் எழும்புகிற வாயிலேயே உறிஞ்சி எடுக்கிறதுதான் முதல் வேலை, அதற்குக் காசு செலவாகும். முதலாளிமார் மாஸ்க்கில் தொடங்குவது அது மலிவு என்பதால்.

நோய் வந்த பிறகு நட்டஈடு. 1914 உடன்பாடு என்னவென்றால், தொழிலாளி முதலாளிக்கு எதிராக வழக்குப் போடுகிற உரிமையைக் கைவிடுகிறார். பதிலுக்கு, யாருடைய பிழை என்று கேளாமல் நட்டஈடு கிடைக்கும். கை போனால் ஓரளவுக்குக் கிடைக்கிறது. புற்றுநோய் என்றால்? தொழில் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் போல் டெமர்ஸ், மரத்தூளையும் மூக்குப் புற்றுநோயையும் பற்றித் தொண்ணூறுகளிலேயே ஆராய்ந்தவர், ஒன்ராறியோ அரசு கேட்டு 2020ல் ஒரு அறிக்கை கொடுத்தார். வேலையால் வருகிற புற்றுநோய்கள் இந்த மாகாணத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 3,000. நட்டஈட்டுச் சபை ஏற்றுக்கொள்வது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பாலானவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை, ஏனென்றால் கேட்கலாம் என்றே தெரியாது. அதே சபை தன்னிடம் உபரி இருக்கு என்று சொல்லி 2022ல் நூறு கோடி டொலருக்கும் மேல் முதலாளிமாருக்குத் திருப்பிக் கொடுத்தது. 2025ல் அதைவிடக் கூட. உபரி எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு பொருளியல் பட்டம் தேவையில்லை.

ஆனாலும் சண்டை பிடித்து வென்றவர்கள் இருக்கிறார்கள். வடக்கு ஒன்ராறியோவில் 1943 தொடக்கம் 1979 வரை சுரங்கத் தொழிலாளர்களைப் பூட்டின அறைக்குள் விட்டு, சிலிக்கோசிசைத் தடுக்கும் என்று சொல்லி அலுமினியத் தூளைச் சுவாசிக்கவைத்தார்கள். ஜனிஸ் மார்ட்டெல் என்ற பெண், பார்க்கின்சன் நோயோடு இருந்த தன் தகப்பனுக்காகத் தொடங்கி, நூற்றுக்கணக்கான பழைய தொழிலாளர்களின் கதைகளை ஒவ்வொன்றாகச் சேகரித்தார். 2020ல் ஆய்வு ஒன்று பார்க்கின்சனோடு தொடர்பைக் காட்டியது. 2022 நவம்பரில் மாகாண அரசு சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அவர் செய்தது என்ன? பெயர், வருடம், சுரங்கம், நோய் என்று ஒரு பட்டியல்.

அந்தப் பட்டியல்தான் எங்களிடம் இல்லை. ஆகவே இந்த மாதத்துக்கு ஒரு வேலை தருகிறோம், பெரிய வேலை இல்லை. உங்கட வீட்டில் மரவேலை செய்தவர் இருந்தால், ஒரு பின்னேரம் அவரோடு இருந்து எழுதி எடுங்கள்: எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை, எந்த இடம், ஏஜென்சியா நேரடியா, என்ன மெஷின், என்ன மரம், எம்டிஎஃப்பா, உறிஞ்சுகுழாய் இருந்ததா, கூட வேலை செய்த ஆக்கள் ஆர். பழைய ரி4 தாள்கள், பே ஸ்ரப், ஐடி அட்டை இருந்தால் எறியவேண்டாம். கம்பனி மூடியிருந்தாலும் அதுதான் சாட்சி. "அதெல்லாம் இப்ப ஏன் மோனே" எண்டு சொல்லுவார். தேத்தண்ணி போட்டுக் குடுத்துத் திரும்பக் கேளுங்கோ.

எழுதினதை அடுத்த முறை குடும்ப டொக்டரிடம் கொண்டுபோய், கோப்பில் போடச் சொல்லுங்கள். மூச்சுப் பிரச்சினை இருந்தால் ஒன்ராறியோத் தொழிலாளர் தொழில்சுகாதார கிளினிக் ரொறன்ரோவில் இருக்கு. யூனியன்கள் கேட்டு 1989ல் வந்தது, காசு இல்லை, யூனியனில் இருக்கத் தேவையுமில்லை. நோய் வேலையால் வந்தது என்று தெரியவந்த நாளில் இருந்து நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான். தொழிலாளி இறந்திருந்தால் குடும்பமும் விண்ணப்பிக்கலாம். இப்ப ஏஜென்சியில் இருக்கிறவர்களுக்கு, ரொறன்ரோவின் வேர்க்கர்ஸ் அக்சன் சென்ரர் இருக்கிறது.

விரும்பினால் அந்தத் தாளின் பிரதி ஒன்றை இந்த மடலுக்குப் பதிலாக எங்களுக்கும் அனுப்புங்கள். பெயரை வெட்டிவிட்டும் அனுப்பலாம், வருடமும் மெஷினும் இருந்தால் போதும். மே மாதக் கூட்டத்தில் வந்தவற்றை வைத்துக்கொண்டு இருந்து பேசுவோம். தமிழில் நிரப்பக்கூடிய ஒரு படிவத்தை இத்தோடு இணைத்திருக்கிறோம், இரண்டு பக்கம். அப்பாவில் சோதித்துப் பார்த்தது, நாற்பது நிமிடம் எடுத்தது.